தொகையை விட்டுவிட்டுத் தேதியைக் கேட்டேன்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. ரேஷன் கார்டு கேரளம், பேச்சு தமிழ், சந்தை பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோவை. கொஞ்சம் தென்னந்தோப்பு, இரண்டு கறவை மாடு, வீட்டுக்காரர் ஓட்டும் சரக்கு வண்டி, கொழுந்தனாருக்குக் கோவையில் பம்ப் கம்பெனி வேலை. கேட்டால் நல்லாத்தானே இருக்கிறார்கள் என்று தோன்றும். அப்படியும் 2023 முடிவில் எங்கள் வீட்டில் ஒன்பது விதமான கடன் இருந்தது.

யாரும் ஆடம்பரமாகச் செலவு செய்து வந்ததில்லை அது. வெள்ளை ஈ பொள்ளாச்சிப் பக்கம் 2016இல் தென்பட்டதிலிருந்து எங்கள் தோப்பும் தப்பவில்லை. ஓலை கறுத்து, காய் சிறுத்தது. தேங்காய் விலையும் விழுந்து கிடந்த நேரத்தில் அத்தைக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். அவர் படுத்ததும் வீட்டுக் கணக்கு என் கைக்கு வந்தது. கணக்கு என்றால் நோட்டு இல்லை. அத்தையின் ஞாபகம்தான் நோட்டு.

"மொத்தம் எவ்வளவு கடன் இருக்குதுங்க அத்தை?" என்று கேட்டால், "அதெல்லாம் பாத்துக்கலாம் கண்ணு, நீ பாலை ஊத்திட்டு வா" என்பார். வீட்டுக்காரரிடம் கேட்டால் எரிச்சல். கொழுந்தனார் பேச்சை மாற்றிவிடுவார். கடன் தொகையைச் சொல்வது மானம் போகிற விஷயம் நம் வீடுகளில். அதனால் கேள்வியை மாற்றினேன். "இந்த வாரம் காசு வாங்க யாராச்சும் வருவாங்களாங்க?" உடனே பதில் வந்தது. "புதன்கிழமை குழுக்காரங்க. அப்புறம் அந்தத் தண்டல் பையன் தினமும் வருவான்." தேதியைச் சொல்ல யாருக்கும் வெட்கமில்லை. கொழுந்தனார் கூட, "அஞ்சாந்தேதி கார்டு பில்லு அண்ணி, ரெண்டாயிரம் போதும்" என்று தானாகச் சொன்னார்.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் வரவை நீல மையிலும் கொடுக்க வேண்டியதைச் சிவப்பு மையிலும் குறித்தேன். தொகையை எழுதவில்லை. தேதியும் பேரும் மட்டும். அதைச் சமையலறைச் சுவரில் மாட்டியதும் எல்லோரும் வந்து விட்டுப்போனதைச் சேர்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் அத்தை வாங்கியிருந்த கைமாற்று அப்படித்தான் வெளியே வந்தது. கடன் விவரம் தெரியாத வீடுகளில் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

அந்தக் காலண்டர் காட்டிய விஷயம் எனக்கே புதிது. மாதம் ஒன்று முதல் ஏழு வரை ஒரே சிவப்பு. வண்டித் தவணை, பைக் தவணை, கார்டு பில், மளிகைப் பற்று எல்லாம் அதற்குள். நீலமோ ஆறு, ஏழு தேதிக்கு மேல்தான். பால் சங்கத்தில் பத்து நாள் கணக்குப் பார்த்து, அதற்கும் சில நாள் கழித்துப் பணம் போடுவார்கள். தேங்காய் வெட்டு 45 நாளுக்கு ஒருமுறை. வண்டி வாடகை எப்போது வருமோ. கொழுந்தனார் சம்பளம் மட்டும்தான் மாதக் கடைசியில் சரியாக வரும். மாத வருமானத்தைக் கூட்டினால் செலவுக்கு மேலேயே இருந்தது. ஆனால் மூன்றாம் தேதி கணக்கில் பணமில்லை. தவணை திரும்பிப் போகும். வங்கி ஒரு அபராதம் பிடிக்கும், கடன் கொடுத்த கம்பெனி இன்னொன்று போடும். அதைத் தவிர்க்க முன்னாடியே தண்டல் வாங்குவோம்.

தண்டல் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 10,000 என்று பேர். கையில் தருவது 9,000. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாதான வட்டி" என்பார் வீட்டுக்காரர். ஆனால் அந்த 9,000 நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லையே, முதல் நாளிலிருந்தே திரும்பப் போகிறது. அதையும் சேர்த்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. மூன்று நாள் பணம் தாமதமாக வருவதற்கு இந்த வட்டி. கேரளப் பக்கம் ப்ளேடு என்று சொல்வதும் இதே ரகம்தான். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இலும் கேரளத்தில் 2012இலும் சட்டம் வந்தது. கேரளத்தில் 2014இல் ஆபரேஷன் குபேரா என்று போலீஸ் ரெய்டெல்லாம் நடந்தது. இருந்தாலும் அவசரத்துக்கு வாசலில் வந்து நிற்பவன் அவன்தான்.

அதனால் வருமானத்தைக் கூட்டுவது, செலவைக் குறைப்பது இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் தேதிகளை நகர்த்தினோம். வண்டிக் கடன் வங்கியில். தவணைத் தேதியை மாற்ற மனு எழுதிக் கொடுத்தோம், பத்தாம் தேதிக்கு மாற்றினார்கள். பைக் கடன் கொடுத்த கம்பெனி மாட்டேன் என்றது. சரி என்று, ஒரு தேங்காய் வெட்டுப் பணத்தில் ஒரு தவணையை முன்கூட்டியே தவணை பிடிக்கும் வங்கிக் கணக்கில் போட்டு வைத்தோம். அதற்கப்புறம் தாமதமாக வரும் பணம் அடுத்த மாதத் தவணையாக உட்கார்ந்துகொள்ளும். தவணைகள் போகும் கணக்குக்கு ஜிபே கிடையாது, ஏ.டி.எம். கார்டு அத்தையின் பீரோவில். மளிகைக் கடைக்காரரிடம் பற்றை மாதம் ஒருமுறைக்குப் பதில் பால் பணம் வரும்போதெல்லாம் கொடுப்பதாகச் சொன்னேன். அவருக்கு சந்தோஷம். கேட்டுப் பார்ப்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கேட்கத்தான் கூச்சம்.

தண்டலை முடித்தது குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பு வழியாக. அதன் அக்கம்பக்கத்துக் குழுவான எங்கள் அயல்கூட்டத்தில் நான் சும்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள். அங்கேதான் 'முற்றத்தே முல்லை' பற்றிச் சொன்னார்கள். 2018இல் எங்கள் பாலக்காடு மாவட்டத்தில்தான் அது முதலில் வந்தது. கூட்டுறவு வங்கிப் பணத்தைக் குடும்பஸ்ரீக்காரர்கள் வீட்டு வாசலிலேயே கொடுத்து, வாரத் தவணையாக வாங்கிக்கொள்வார்கள். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். ப்ளேடுக்காரர்களிடமிருந்து ஜனங்களை மீட்கவே கொண்டுவந்த திட்டம். அதில் வாங்கித் தண்டலையும் அக்காவின் கைமாற்றையும் ஒரே நாளில் தீர்த்தோம். கடனுக்குக் கடன் வாங்கலாமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. வட்டி ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது, பழைய கடன் அன்றே முடிகிறது, புதிய கடனுக்கு முடிவுத் தேதி இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம் என்பது என் கட்சி. பழையதை வைத்துக்கொண்டே புதிதாக வாங்கினால் அது வேறு கதை.

பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் குழுக் கடன்தான் மனசைப் படுத்தியது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று எல்லோரையும் உட்கார வைத்துவிடுவார்கள். இருட்டின பிறகும் வாசலில் ஆள் நிற்கும். 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி இதற்கு விதி வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுக்கும் கடன் இது. அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பின்னாலும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. ஒரு புதன்கிழமை, தவணை வசூலுக்குக் குழு கூடும் சென்டர் கூட்டத்தில் இதை மெதுவாகத்தான் சொன்னேன். "மணி ஆறுக்கு மேல வராதீங்க சார், வந்தா 14448க்குப் போன் பண்ணுவோம்" என்றேன். அது ரிசர்வ் வங்கியின் உதவி எண். முதலில் கடன் கொடுத்தவரிடமே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். அதற்கு அவசியம் வரவில்லை. ராத்திரியில் வருவது நின்றது. இரண்டு குழுக் கடனில் சிறியதை முதலில் அடைத்தோம். வட்டி அதிகமானதை முதலில் அடைக்க வேண்டும் என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் அத்தைக்குப் புதன்கிழமை என்றாலே ரத்தக் கொதிப்பு ஏறும். வாரம் ஒரு சிவப்புக் குறைந்தது எங்களுக்கு வட்டியை விடப் பெரிது.

இனி நகை. ஊரில் பாதிப் பேர் கேள்விப்பட்டவுடன் முகம் சுளித்த விஷயம். என் தாலிக்கொடி தவிர மற்றது எல்லாம் ஒரு தனியார் பைனான்ஸில் ஒரே ரசீதில் அடகில் இருந்தது. ஆண்டு முடியும்போது அசலும் வட்டியும் கட்டி மீட்டு, அன்றே திரும்ப வைக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளைக்குக் கைமாற்றுக் கொடுக்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கு ஒரு தொகை எடுத்துக்கொள்வார்கள். வட்டியும் மாதாமாதம் கட்டினால் ஒரு விகிதம், தவறினால் ஏறும் விகிதம். இப்படிச் சில வருஷம் சுற்றினால் நகையின் நல்ல பங்கு வட்டியாகவே போய்விடும். நகை நம் வீட்டில் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் மிச்சம்.

தங்கம் விலை ஏறியபோது ஒரு முடிவெடுத்தோம். ஆரத்தை மட்டும் விற்றால் மொத்த அடகும் தீர்ந்துவிடும், வளையலும் சங்கிலியும் வீட்டுக்கு வந்துவிடும். "பொம்பளை நகையை வித்துக் கடன் கட்டினான்னு ஊர்ல பேசுவாங்க" என்று வீட்டுக்காரர் கலங்கினார். பேசினார்கள்தான். அடகுக்கடைக்குப் போகிற வழியில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று தலை குனிந்து நடந்ததை விட அது எனக்குச் சுலபமாக இருந்தது. விற்பதற்கு முன் இரண்டு மூன்று கடையில் உரசிப் பார்த்து விலை கேளுங்கள். அரக்கு, கல் எடை கழிப்பதை நேரில் நின்று பாருங்கள், வித்தியாசம் கணிசமாக வரும். திரும்ப அடகு வைக்கும் நிலை வந்தால், ஒவ்வொரு நகையையும் தனித்தனி ரசீதாக வையுங்கள். கையில் கொஞ்சம் காசு சேரும்போது ஒன்றை மட்டும் மீட்க முடியும். மொத்தமாக வைத்தால் மொத்தமாகத்தான் மீட்க வேண்டும்.

கார்டு பில் கொழுந்தனாருடையது. "ரெண்டாயிரம் போதும்" என்றாரே, அது குறைந்தபட்சத் தொகை. பாக்கி 40,000. மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் 1,400, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 252. ஆக 2,000 கட்டினால் அசலில் கழிவது 348 ரூபாய். இதைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் வங்கியில் பேசிப் பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றிக்கொண்டு, புதிதாகத் தேய்ப்பதை நிறுத்தினார். நடுவில் ஒரு ஏஜென்ட் போன் செய்து, பாதி கட்டினால் செட்டில் செய்துவிடலாம் என்றார். ஆசை காட்டும் பேச்சுதான். ஆனால் அப்படி முடித்தால், நம் கடன் வரலாறு பதியும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுதாக அடைத்து 'குளோஸ்டு' ஆவது வேறு. வேறு வழியே இல்லாதவர்கள் செட்டில் செய்யட்டும். சம்பளம் வருகிறவர் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போக வேண்டியவர். சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் பாருங்கள், அடைத்த கடன் அடைக்காததாக நிற்பதும் உண்டு.

பைக் கடனில் தெரிந்துகொண்டது ஒன்று. "12 சதவீதம்தான்" என்று ஷோரூமில் சொன்னது ஃபிளாட் வட்டி, அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை போடும் வட்டி. ஒரு லட்சத்துக்கு மூன்று வருஷம் என்றால் வட்டி 36,000, மாதத் தவணை 3,778. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற வங்கிக் கணக்கில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்குச் சமம். 2024 அக்டோபரிலிருந்து தனியாட்களுக்குக் கொடுக்கும் புதிய தவணைக் கடன் எதற்கும், எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை ஒரு தாளில் காட்ட வேண்டும் என்பது விதி. அந்தத் தாளை வாங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஷோரூமில் அவசரப்படுத்துவார்கள். படுத்தட்டும்.

எல்லையோரத்துக்காரர்களுக்கென்றே சில செலவுகள் உண்டு. பெட்ரோல் தமிழ்நாட்டுப் பக்கம் லிட்டருக்கு ஐந்து ரூபாய் போலக் குறைவு. அதற்கென்றே வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். நாலு லிட்டருக்கு இருபது ரூபாய் மிச்சம் பிடித்து, அப்படியே பொள்ளாச்சி வரை போய் வியாழக்கிழமைச் சந்தையையும் பார்த்து, டீ பஜ்ஜி சாப்பிட்டு, தேவையில்லாத பிளாஸ்டிக் சாமானோடு திரும்புவார்கள். விலை குறைவு என்பதைத் தேடியே பழகிவிட்டோம், தேவையா என்று கேட்பதில்லை. பண்டிகையும் எங்களுக்கு இரட்டிப்பு. ஆவணியில் ஓணம் ஆஃபர், ஐப்பசியில் தீபாவளித் தள்ளுபடி, அப்புறம் பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ், பொங்கல், மாரியம்மன் நோன்பி. இரண்டு மாநிலத்து விளம்பரமும் ஒரே போனில். நாங்கள் செய்தது, துணிக்கு ஒரு பண்டிகை, சாமானுக்கு ஒரு பண்டிகை என்று பிரித்ததுதான். ஓணத்துக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் துணி, பெரியவர்களுக்குத் தீபாவளி. ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் தை மாதம், அதுவும் ரொக்கத்துக்கு. வட்டியில்லாத் தவணை என்பார்கள், செயல்பாட்டுக் கட்டணம் என்று தனியாக ஒன்று போடுவார்கள். ரொக்கத்துக்கு என்ன குறைப்பீர்கள் என்று கேளுங்கள், வட்டி எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியும்.

லாட்டரியைச் சொல்லாமல் விட்டால் கொழிஞ்சாம்பாறைக்காரி என்று யாரும் நம்ப மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2003இல் தடையானது, இங்கே தினமும் மூன்று மணிக்குக் குலுக்கல். மாமா தினம் ஒரு சீட்டு எடுப்பார். 2023 திருவோணம் பம்பர் 25 கோடி, வாளையாரில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. திருப்பூர்ப் பக்கத்து நாலு பேர் சேர்ந்து எடுத்தது. அன்றிலிருந்து மாமாவிடம் யாரும் வாதாட முடியாது. "வாளையாரு எத்தனை தூரம்? நமக்கும் விழும்" என்பார். நிறுத்தச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு தொகையை அவர் கையில் கொடுத்து, வெற்றிலையும் லாட்டரியும் அதற்குள் என்றோம். மாதம் பாதியில் தீர்ந்துவிட்டால் மீதிப் பாதி வெறுமனே ரிசல்ட் பார்ப்பார்.

தினச் செலவுக்கு நோட்டுப் போட்டு ஒவ்வொரு ரூபாயும் எழுதுவது எங்களுக்கு ஒத்து வரவில்லை. இரண்டு வாரத்தில் சண்டைக்குத்தான் வழியானது, "கறிக்கு ஏன் இவ்வளவு" என்று. அதை விட்டுவிட்டோம். பால் பணம் வந்ததும் பத்து நாளைக்கான வீட்டுச் செலவை ரொக்கமாக எடுத்து அத்தையிடம் கொடுக்கிறேன். ஆபரேஷனுக்குப் பின் அவருக்கு எழுந்து நடக்க முடியாவிட்டாலும் காசு விஷயத்தில் கண் கூர்மை. யார் கேட்டாலும் "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் பாதிச் செலவு நின்றுவிடும். ஜிபேயில் அந்த வார்த்தை இல்லை.

சீட்டு பற்றிக் கேட்பார்கள். ஊரில் ஒருவர் வீட்டிலேயே நடத்திய பதிவில்லாச் சீட்டில் போட்ட பணம் எங்களுக்கு இன்னும் வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. இப்போது கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சீட்டு ஒன்றில் சேர்ந்திருக்கிறோம். 1969இலிருந்து இருக்கும் கேரள அரசு நிறுவனம் அது. ஆரம்பத்திலேயே கழிவு கொடுத்து ஏலத்தில் எடுத்தால் சீட்டும் ஒரு கடன்தான். அதற்கு ஜாமீனோ ஈடோ கேட்பார்கள். கடைசி வரை பொறுத்து எடுத்தால்தான் சேமிப்பு. எங்கள் சீட்டுத் தேதி பால் பணத்துக்கு மறுநாள்.

மிச்சம் இருப்பது வண்டிக் கடனும் சொசைட்டிப் பயிர்க் கடனும். தேங்காய் விலை 2025இல் ஏறியபோது பயிர்க் கடனில் ஒரு பகுதியைக் கட்டினோம். மீதிக்காகத் தோப்பில் சில மரங்களைக் கள்ளுக்கு விடலாமா என்று பேச்சு நடக்கிறது. கான்ட்ராக்டர் ஒரு வருஷ வாடகையை மொத்தமாக அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். மொத்தமாக வேண்டாம், மாதம் மூன்றாம் தேதிக்குள் மாத வாடகையாகத் தாருங்கள் என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.